மேற்கிந்தியத் தரம்

ஜேபெஸ் கோல்ட்ரிக்கை அடக்கம் செய்த அன்றும்
மீன் காய்ந்துகொண்டுதான் இருந்தது.
தேவாலய மணி ஒருபக்கம்,
தட்டிகளின் மேல் காட் மீனைப் புரட்டும்
பெண்களின் கைகள் ஒருபக்கம்.
மேற்கே கறுத்திருந்தது.

நான் அவருடைய தரம் பிரிப்பவன்.
இருபத்தாறு வருஷம், அதே மேசை.
ஒவ்வொரு கருவாடாய் எடுத்து
முதுகில் கட்டைவிரலை அழுத்தி
முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து
ஸ்பெயினுக்கு ஒன்று, மதீராவுக்கு ஒன்று,
அப்புறம் அந்த மூன்றாவது குவியல்.
உடைந்தது, வெயிலில் வெந்தது, உப்புச் சுட்டது
எல்லாம் மேற்கிந்தியத் தரம்.
அதை யார் தின்பார்கள் என்று தெரியும் எனக்கு.
விலங்கோடு கரும்பு வெட்டுகிறவர்கள்.
போன கப்பல் திரும்புகையில்
ரம் கொண்டுவரும்.
குடித்திருக்கிறேன். நல்ல ரம்.

பூல் துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு வயதில்
பீப்பாய் உருட்ட நியூஃபவுண்ட்லாந்து வந்தவராம்.
முப்பதில் சொந்தத் துறை, நாற்பதில் ஏழு கப்பல்,
ஐம்பதில் சட்டசபை.
நடுவில் நடந்ததெல்லாம் பேரேட்டில் இருக்கிறது,
பச்சைத் தோல் அட்டை போட்டது.
எங்கள் எல்லோர் பெயரும் உண்டு அதில், பற்றுப் பக்கம்.
வரவுப் பக்கத்தில் பனி பெய்திருந்தது.
வசந்தத்தில் தூண்டில், கயிறு, மாவு, தேயிலை: கடன்.
இலையுதிர்கையில் மீன்: அவர் சொன்ன விலை.
எங்கள் குடாவில் காசைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன்தான்.
அவனும் அதைத் துளையிட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான்.

அந்நாளில் வாக்கு என்றால் வாயால் சொல்வது.
மேடையேறிப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.
கீழே நாற்காலி போட்டு
கோல்ட்ரிக்கின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.
மடியில் பேரேடு.
திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்?
கோல்ட்ரிக். கோல்ட்ரிக். கோல்ட்ரிக்.
நானும் சொன்னேன்.
டெனிஸ் கெரிவன் ஏறினான். இருமினான்.
மற்றவன் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினான்.
யாரோ சிரித்தார்கள், பயத்தில்.

அக்டோபரில் கெரிவனின் மீன் என் மேசைக்கு வந்தது.
வெள்ளை வெளேரென்று, உப்பு அளவாக;
அவன் மனைவி ஹொனோரா உலர்த்தியது.
கண்ணை மூடிக்கொண்டு முதல் குவியலில் போடலாம்.
யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கோல்ட்ரிக் அப்போது தலைநகரில் இருந்தார்.
என் கை தானாக
மூன்றாவது பக்கம் போயிற்று.
நாற்பது குவின்டால்.
ஹொனோரா என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலம்தான் சட்டசபையில் அவர்
கலங்கரை விளக்கம் வேண்டுமென்று பேசினார்.
மூன்று மணி நேரம்.
மூழ்கிப்போனவர்கள் பெயரையெல்லாம்
தாளைப் பார்க்காமலே சொன்னாராம்.
அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள், மறக்குமா?
ஆனாலும் அழுதார் என்கிறார்கள்.
அழுதிருப்பார்.
விளக்கு வந்தது, முனையில் இன்றும் எரிகிறது.
அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை
நான் உயிரோடு கரைசேர்ந்திருக்கிறேன்.
கெரிவன் கடலில் சாகவில்லை.
மார்ச் மாதம், மாவு தீர்ந்த வீட்டில்.

சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.
'மாமனிதர்' என்றார் பாதிரியார்.
பலகையில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஓக்.

பாதி வழியில் முதல் துளி விழுந்தது.
ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
பெட்டியைப் புல்லில் இறக்கிவைத்துவிட்டு
மீனை மூட ஓடினோம்.
அவர் இருந்திருந்தால்
அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார், கத்தி.

தட்டியருகே ஹொனோரா
பழைய பாய்த்துணியை விரித்துக்கொண்டிருந்தாள், தனியாக.
ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.
பிடித்துக்கொண்டேன்.
காற்று பலமாக இழுத்தது.
அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.